கண்டாக்கு ஐயா குடித்த காப்பி

பச்சைக் காப்பிக்கொட்டை இரும்புச் சட்டியில் வறுபடத் தொடங்கும்போது முதலில் நல்ல வாசம் வராது; ஈர வைக்கோல் காய்வதுபோல ஒரு மந்தமான நெடிதான் வரும். அதைப் பொறுத்துக்கொண்டு நின்றால், கொட்டை படபடவென்று வெடிக்கிற நேரத்தில், லயத்தின் கடைசிக் காம்பராவிலிருந்து முதல் காம்பரா வரைக்கும் வீடு வீடாகப் புகுந்து ஆட்களை வெளியே இழுத்துவிடும் வாசம் ஒன்று கிளம்பும். நோர்வூட்டுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் எனக்கு அந்த வாசம்தான்.

வறுப்பவர் பாக்கியம் அத்தை. சொந்த அத்தை இல்லை. ஒரே கூரையின் கீழ் பத்துக் குடும்பம் ஒட்டிக்கிடக்கிற லயத்தில் எல்லாருக்கும் எல்லாரும் ஏதோ ஒரு முறை. கொழுந்தெடுக்கப் போன இடத்தில் மழையில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததோடு அவருக்கு வேலை போயிற்று. தம்பியின் காம்பராவில், தம்பி பெண்டாட்டி எப்போது சோறு போடுவாள் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மனமில்லாமல்தான் அந்தக் 'காப்பிக்கடை'யை ஆரம்பித்தார். கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. 'இஸ்தோப்பு' என்று நாங்கள் சொல்லும் குறுகலான முன்வாசலில், உடைந்த தேயிலைப் பெட்டிப் பலகைகளால் அடித்த இரண்டு பெஞ்சு, ஓர் அடுப்பு, ஏழெட்டு டம்ளர், உள்ளங்கையில் வைத்துக் கடித்துக்கொள்ள ஆளுக்கொரு துண்டு கித்துள் மரத்துக் கருப்பட்டி, அவ்வளவுதான். கொட்டைக்கும் செலவில்லை. ஆற்றோரப் பள்ளத்தில் யாரும் கவனிக்காமல் நின்ற பழைய காப்பி மரங்களில் பழம் பொறுக்கிக்கொள்வார். "தேயிலைக்கு முன்னாடி இந்த மலையெல்லாம் காப்பிதான் ஆயி" என்று மகளான என்னிடம் சொல்வார் அப்பா.

வாரம் முழுவதும் எங்கள் ஆட்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். விடியுமுன் 'பெரட்டு'க் களத்தில் பேர் கூப்பிடும்போது நின்றார்கள், கொழுந்து நிறுக்கும்போது நின்றார்கள், துரை பங்களாவுக்குப் போனால் வாசலுக்கு வெளியே நின்றார்கள். அத்தையின் பெஞ்சில்தான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்கள். சங்கத்துக்குச் சந்தா கொடுப்பதா வேண்டாமா என்பதும், ஓட்டுரிமை பறிபோன கதையும், அந்த வாரம் யார் யார் ஏச்சு வாங்கினார்கள் என்பதும் அங்கேதான் பேச்சு. என் அப்பா அங்கே எழுந்து நின்று கண்டாக்கு ஐயா நடக்கிறபடி நடந்து காட்டுவார். பெஞ்சே ஆடும்படி சிரிப்பார்கள். "வீட்டுல வாயத் தொறக்காத மனுசன் அங்க போயி கூத்துக் கட்டுறாரு" என்று அம்மா அலுத்துக்கொள்வார், ஆனால் அதில் கோபம் இருக்காது.

கண்டாக்கு ஐயா என்பவர் துரைக்கு அடுத்தபடியாக மலையில் வேலை வாங்குகிற அதிகாரி. யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிப்பானவர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஒருநாள் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோன நான் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்றபோது, தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு மீதியைக் கீழே ஊற்றியவர், "இந்தத் தேயிலைக்குள்ள கிடந்து ஒரு நல்ல கோப்பி குடிக்க வழியில்ல" என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னார். எனக்கு அப்போது ஒன்பது வயது, வாயும் கொஞ்சம் நீளம். "எங்க லயத்துல நல்ல காப்பி கெடைக்குங்க ஐயா, பாக்கியம் அத்தை போடுறாங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் நான் இரண்டு நாள் மிதந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். குடையும் நீளக் காலுறையுமாக அவர் படியேறியதுமே பெஞ்சிலிருந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள், தலைத்துண்டுகள் கைக்கு வந்தன. "இருங்கோ, இருங்கோ" என்றார். யாரும் உட்காரவில்லை. அவர் மட்டும் உட்கார்ந்து, கண்ணை மூடிக் குடித்து, "என்ர அம்மா போடுற மாதிரியே இருக்கு" என்றபோது அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வாரமும் வந்தார், அதற்கடுத்த வாரமும். அவர் வர வர மற்றவர்கள் குறைந்தார்கள். ஒரு மாதத்தில் இரண்டு பெஞ்சுக்கும் அவர் ஒருவர்தான் ஆள். அத்தை இடுப்பைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றிருப்பார். "ஒருத்தரையும் காணேல்லையே?" என்று ஐயா உண்மையாகவே கேட்டார்.

"ஏம்ப்பா இப்ப காப்பி குடிக்கப் போறதில்ல?" என்று நான் கேட்டேன்.

"ஐயா நல்லவங்கதான் ஆயி. நல்லவங்க முன்னாடியும் எங்களால உக்கார முடியாதுல்ல" என்றார் அப்பா.

அம்மா, ஐயாவிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்க்கும்படி அத்தையிடம் சொன்னார். "காப்பி நல்லாருக்குன்னு வர்ற மனுசன எந்த வாயால வராதீங்கன்னு சொல்றது?" என்று கேட்டுவிட்டார் அத்தை. ஒருவர் மட்டும் குடிக்கிற காப்பிக் காசில் அத்தையின் வயிறு நிறையாது. தம்பி பெண்டாட்டியின் பேச்சு தடித்தது. மழைக்காலம் முடிவதற்குள் அத்தை அடுப்பை அணைத்துவிட்டு, டயகமவில் ஒரு தூரத்து உறவின் வீட்டில் பிள்ளை பார்க்கக் கிளம்பினார்.

பஸ் வரும் வழி வரைக்கும் அவருடைய துணி மூட்டையோடு நானும் போனேன். "நான் பாட்டுக்கு இங்க போட்டுக்கிட்டிருந்தேன். ஐயாகிட்ட யாரு சொல்லியிருப்பாங்க, ஒனக்குத் தெரியுமா கண்ணு?" என்றார்.

"தெரியாதுங்க அத்தை" என்றேன்.

"யாரா இருந்தா என்ன. நல்ல காப்பின்னுதானே சொல்லியிருக்காங்க" என்று சொல்லி, என் கன்னத்தைத் தொட்டுவிட்டு பஸ் ஏறினார்.

அந்தப் பள்ளத்துக் காப்பி மரங்களை வெட்டித் தேயிலை வைத்துவிட்டார்கள். இஸ்தோப்பை அடைத்து இப்போது அறையாக்கியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆட்கள் சேர்ந்து உட்கார அதற்குப் பிறகு அந்த லயத்தில் ஓர் இடம் அமையவேயில்லை. அப்பா யார் மாதிரியும் நடந்து காட்டி நான் பார்க்கவில்லை. நான் படித்து, ஆசிரியையாகி, ஓய்வும் பெற்றுவிட்டேன். நோர்வூட்டிலிருந்து டயகமவுக்குப் பஸ்ஸில் போனால் அரை நாள்கூட ஆகாது. "நான்தான் சொன்னேன் அத்தை" என்ற மூன்று சொல்லை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க, அவர் உயிரோடிருந்த காலம் முழுவதும் எனக்கு அந்த அரை நாள் கிடைக்கவில்லை.