படகை விற்ற வில்லி

அலுவலகத்தில் அவளை எல்லோரும் வில்லி என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் அவளுக்கு வருத்தம் எதுவும் கிடையாது. சொல்லப்போனால் கொஞ்சம் பெருமைகூட உண்டு. நாற்பத்து நான்கு வயது. மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, காலை ஒன்பதரைக்கு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருவாள். பத்து மணிக்குள் ஒரு கிராமத்தையாவது கொளுத்திவிடுவாள். அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

அந்த நிறுவனம் கணினியில் விளையாடும் மாயாஜாலக் கதை விளையாட்டுகளைத் தயாரித்தது. வாளும் மந்திரவாதியும் பேசும் ஓநாயும் உள்ள உலகம். விளையாடுகிறவர்தான் அதில் நாயகன். கதை நெடுக அவர் முன்னால் கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். உதவுவதா, காலை வாருவதா? உண்மையைச் சொல்வதா, மறைப்பதா? எந்தப் பக்கம் போனாலும் கதை அறுந்துவிடாமல் ஓடுகிறதா என்று பார்க்க டெஸ்டர்கள் ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்து விளையாடுவார்கள். நல்ல வழிக்குப் போட்டி நடக்கும். கெட்ட வழி என்றால் மட்டும் ஆளாளுக்குத் தலையைச் சொறிவார்கள். கற்பனைக் கிழவிதான் என்றாலும் அவள் வீட்டைப் பிடுங்க யாருக்கும் மனசு வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, "குடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று இவள் வாங்கிக்கொண்டாள். பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது.

அதற்கு முன்னால் பதினொரு வருடம் விமான நிலையத்தில், பெட்டி தொலைந்துபோனவர்கள் வந்து புகார் கொடுக்கும் கவுண்டரில் இருந்தாள். எவனோ எங்கேயோ பெட்டியைத் தவறான வண்டியில் ஏற்றுவான், வசவெல்லாம் இவளுக்கு வரும். விமானக் கம்பெனி இழுத்து மூடப்பட்டபோது, மாடி வீட்டுப் பெண்தான் இந்த வேலைக்குச் சொல்லிவிட்டாள். அந்தப் பெண் இதே நிறுவனத்தில் கதை எழுதுகிறவள். பாத்திரங்கள் பேசும் பேச்செல்லாம் அவள் கையால் வருவது. அதனால் அவளுக்குக் கதைக்காரி என்று பெயர்.

"பொறுமை இருக்கு, ஞாபக சக்தி இருக்கு. டெஸ்டிங்குக்கு வேற என்ன வேணும்? பேசாம வாங்கக்கா" என்று கையைப் பிடித்து இழுத்து வந்தாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் கதைக்காரியின் ஸ்கூட்டரில்தான் போவதும் வருவதும்.

லிஃப்ட் மெக்கானிக்கான வில்லியின் கணவர், "வேலை எப்படிப் போகுது?" என்று கேட்டால் சொல்வாள்: "அடுத்தவன் செஞ்ச தப்புக்குப் பதினோரு வருஷம் திட்டு வாங்கினேன். இப்ப நானே தப்பு செய்யறேங்க. ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்றதில்ல!"

ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லாததுதான் பின்னால் அவளை உறுத்த ஆரம்பித்தது.

புது விளையாட்டில் ஒரு படகோட்டி வருவான். ஆற்றின் இரு கரைக்கும் அவன் ஒருவன்தான். நாயகனை நம்பி ஒரு நாளைக்குப் படகைக் கொடுப்பான். "நீங்க திருப்பிக் கொண்டுவந்துருவீங்க, எனக்குத் தெரியும்" என்பான். வில்லி தன் வேலையைச் செய்தாள். படகை நேராகச் சந்தைக்கு ஓட்டிப்போய் விற்று, நல்லதாக ஒரு கவசம் வாங்கிக்கொண்டாள். திரையின் மூலையில் 'புண்ணியம்: பத்து குறைந்தது' என்று வந்தது. மறுநாள் ஆற்றங்கரைக்குப் போனாள். படகில்லாத வெறுங்கரையில் படகோட்டி நின்றுகொண்டிருந்தான். இவளைக் கண்டதும் கையை உயர்த்தினான்.

"வாங்க வாங்க! அக்கரைக்குப் போகணுமா? இன்னைக்குக் காத்து நல்லாயிருக்கு!"

அவள் முதலில் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. புகார் கவுண்டருக்கு வந்த ஒரு மனிதர் ஞாபகத்துக்கு வந்தார்.

அவர் பியானோவுக்குச் சுருதி கூட்டுகிறவர். தொலைந்தது அவருடைய கருவிப் பை. இருபது வருடமாகத் தன் கைக்கேற்றபடி தேய்த்து வைத்திருந்த கருவிகள். முதல் வாரம் கத்தினார். இரண்டாவது வாரம் வந்தபோது பின்னால் நீளமாக வரிசை நின்றது. அவரை அனுப்பினால் போதும் என்று இவள், "பை கிடைச்சிடுச்சு சார், வியாழக்கிழமை வந்துடும்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள். அவர் அதை நம்பி, சனிக்கிழமைக் கச்சேரிக்கு வேலை ஒப்புக்கொண்டுவிட்டார். வியாழக்கிழமை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். இல்லை என்று தெரிந்ததும் கத்தவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும் வந்து மூன்றாவது நாற்காலியில் உட்காருவார். இவள் நிமிர்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இரண்டு மாதம் கழித்துப் பை வந்தபோது, கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து உள்ளே வைத்து, மூடிக்கொண்டு போய்விட்டார். அவர் கத்தியதெல்லாம் அவளுக்கு மறந்துவிட்டது. அந்த முகம் மறக்கவில்லை.

விளையாட்டில் உள்ள தவறுகளை அங்கே பக் என்பார்கள். டெஸ்டர் எழுதும் பக் எல்லாம் தலைமை வடிவமைப்பாளரிடம் போகும். அவர் சரி என்றால்தான் எழுதுகிறவர்களுக்கு வரும். வருகிறதையெல்லாம் தள்ளுபடி செய்து மூடியே பழகியவர் என்பதால் அவருக்கு முதுகுக்குப் பின்னால் மூடுவிழா என்று பெயர். வில்லி எழுதினாள்: 'படகைப் பறிகொடுத்தவர் ஒன்றும் நடக்காததுபோல் பேசுகிறார்.' ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: 'பக் இல்லை. புண்ணியம் குறைகிறது.' மறுபடி திறந்தாள். மறுபடி மூடினார். ஏழு தடவை இப்படியே நடந்தது. எட்டாவது தடவை அவருடைய கண்ணாடி அறைக்குள்ளேயே போய் நின்றாள்.

"சார், நான் ஒருத்தன் பொழப்பையே வித்துட்டேன். அவன் என்னை வாங்க வாங்கங்கறான்."

"அதான் பத்துப் பாயிண்ட் குறையுதேம்மா?"

"பாயிண்ட் குறைஞ்சா யாருக்கு சார் வலிக்குது?"

"விளையாட வர்றவன் சந்தோஷமா இருக்கணும். அவனுக்கு எதுக்கு வலி?"

"அப்ப எதுக்கு அவன்கிட்ட கேள்வி கேக்கறோம்? நல்லதா கெட்டதான்னு கேட்டுட்டு, எதைச் செஞ்சாலும் ஒண்ணுதான்னா, கேட்டதே பொய்தானே?"

அவர் வேறு கூட்டம் இருப்பதாகச் சொல்லி எழுந்துவிட்டார்.

அவள் விடவில்லை. இன்னும் தோண்டினாள். கோட்டை வாசலில் ஒரு பிச்சைக்காரர் உண்டு. அவருக்கு ஒரு ரொட்டி கொடுத்தால் ஒரு புண்ணியம். எத்தனை ரொட்டி கொடுத்தாலும் வாங்கிக்கொண்டே இருப்பார். களஞ்சியத்தைக் கொளுத்தினால் நாற்பது குறையும், நாற்பது ரொட்டி கொடுத்தால் சரியாகிவிடும். கணக்குத் தீர்ந்தது, ஆள் சொக்கத் தங்கம்!

மாதம் ஒருமுறை முதலாளியம்மா முன்னால் வேலையைப் போட்டுக் காட்டும் கூட்டம் நடக்கும். அதில் காட்டிவிடுவது என்று முடிவெடுத்தாள். அன்று காலை ஸ்கூட்டரில் போகும்போது கதைக்காரி கேட்டாள்: "இன்னைக்கு என்னக்கா காட்டப் போறீங்க?"

"பெருசா ஒண்ணுமில்ல" என்றாள் வில்லி.

முப்பது பேர் கூடியிருந்த அறையில், பெரிய திரையில் படகை விற்றாள். களஞ்சியத்தைக் கொளுத்தினாள். ஒரு சாட்சியைக் கிணற்றில் தள்ளினாள். பிறகு பிச்சைக்காரர் முன்னால் போய் நின்று ரொட்டி ரொட்டியாகக் கொடுத்தாள். கொடுக்கக் கொடுக்க அறையில் சிரிப்பு ஏறிக்கொண்டே போனது. கடைசியில் விளையாட்டின் அரசரே எழுந்து வந்து 'தரும சீலர்' என்று பட்டம் கொடுத்தார். திரும்பி ஆற்றங்கரைக்கு நடந்தாள். "வாங்க வாங்க! இன்னைக்குக் காத்து நல்லாயிருக்கு!" என்றான் படகோட்டி. அறையே அதிர்ந்தது.

"எழுதினவங்க தூங்கிட்டாங்க போல!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

முதலாளியம்மாவும் சிரித்தபடியே, "யாரு எழுதினது இந்த ஆளை?" என்றார்.

கதைக்காரி கையைத் தூக்கினாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

மூன்று வாரத்துக்குள் இதையெல்லாம் சரிசெய்ய வேண்டும் என்று முதலாளியம்மா உத்தரவு போட்டார். வில்லி ஜெயித்துவிட்டாள். சாயங்காலம் வாகனம் நிறுத்துமிடத்தில் ஸ்கூட்டர் இல்லை. பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தாள். மறுநாள் காலை மாடிப்படியில் எதிரே வந்த கதைக்காரி, "குட் மார்னிங்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். ஐந்து வருடத்தில் 'அக்கா' இல்லாமல் வந்த முதல் குட் மார்னிங் அது.

கணவரிடம் சொன்னாள். அவர் யோசித்துவிட்டு, "நீ காட்டினது சரிதான். அந்தப் பொண்ணுகிட்ட ஏன் மறைச்சே?" என்று கேட்டார்.

சரிசெய்யும் வேலைக்கு இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார்கள். வில்லி சுற்றி வளைக்கவில்லை.

"உங்கிட்ட பொய் சொல்லிட்டேன்" என்றாள்.

"ஸ்கூட்டர்ல வச்சுக் கேட்டேனே. ஒண்ணுமில்லன்னீங்க."

"சொன்னா நீ வேண்டாம்பே, நானும் உனக்காக விட்டுடுவேன்னு பயந்துட்டேன்."

"நான் வேண்டாம்னு சொல்லியிருக்க மாட்டேன். நீங்க ஏழு தடவை எழுதியிருக்கீங்க. ஒண்ணுகூட என்கிட்ட வரல, அவரே மூடிட்டார். ஆனா நீங்க என் கீழ்வீட்ல இருக்கீங்க. ஒரு மாடி ஏறி வந்து சொல்லியிருக்கலாம். முப்பது பேர் முன்னாடி கை தூக்கினப்பதான் எனக்கே விஷயம் தெரியுது."

"மன்னிச்சுடும்மா."

கதைக்காரி கணினியைத் திறந்தாள். "வேலையைப் பாப்போம். படகு போனா அவன் என்ன செய்வான்?"

வில்லி அந்தச் சுருதிக்காரரைப் பற்றிச் சொன்னாள். அவரிடம் சொன்ன பொய்யையும் சொன்னாள். அதுவரை கணவரிடம்கூடச் சொல்லாதது. கதைக்காரி கேட்டுக்கொண்டே எழுத ஆரம்பித்தாள். முதல் நாள் படகோட்டி கத்துவான். இரண்டாம் நாள் பேசமாட்டான். மூன்றாம் நாள் கரையிலேயே இருக்கமாட்டான். மலைப்பாதையில் யாருக்கோ மூட்டை சுமந்துகொண்டிருப்பான். அக்கரை வைத்தியச்சி ஆற்றைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருப்பதால் எல்லா வீட்டுக்கும் தாமதமாகவே வந்துசேருவாள். படகை மீட்டுக் கொடுத்தால் பலகை பலகையாகத் தட்டிப் பார்த்து வாங்கிக்கொள்வான். நாயகனை ஏற்றிக்கொண்டு துடுப்பும் போடுவான். ஆனால் "வாங்க வாங்க" கிடையாது. புண்ணியப் புள்ளிகளையே மொத்தமாகத் தூக்கிவிட்டார்கள்.

ஒரே ஒரு இடத்தில் இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டது. பல நாள் கழித்து, பல தடவை ஆற்றைக் கடந்த பிறகு, படகோட்டி தானாகக் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசவேண்டும் என்றாள் கதைக்காரி.

"பேசமாட்டான். அந்த மனுஷர் கடைசிவரைக்கும் பேசலையே" என்றாள் வில்லி.

"அவர் பையை வாங்கிட்டு ஊருக்குப் போயிட்டாருக்கா. இவன் எங்க போவான்? தினம் அதே ஆறு, அதே மூஞ்சி. தினம் பாத்துக்கறவங்களால எத்தனை நாள் உம்முன்னு இருக்க முடியும்?"

அக்கா என்று வாய் தவறி வந்ததா, வேண்டுமென்றே வந்ததா என்று வில்லி கேட்கவில்லை. "சரி, எழுது" என்றாள். அடுத்த திங்கட்கிழமை ஸ்கூட்டர் வாசலில் நின்றது. ஆனால் பழையபடி இல்லை. கூட்டத்தில் எதைக் காட்டினாலும் முதல் நாளே மாடி ஏறி வந்து சொல்லிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. வில்லி இன்றுவரை அதைத் தவறவிட்டதில்லை. கதைக்காரி இன்றுவரை அதை ஒருமுறை கேட்டுச் சரிபார்க்காமல் இருந்ததும் இல்லை.

விளையாட்டு வெளியான முதல் வாரம் புகார்கள் குவிந்தன. 'படகைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், படகோட்டி பேச மறுக்கிறான், கோளாறு.' 'மன்னிப்புக் கேட்கும் பொத்தானைப் பத்து முறை அழுத்திவிட்டேன், வேலை செய்யவில்லை.' அத்தனைக்கும் மூடுவிழா தானே உட்கார்ந்து 'பக் இல்லை' என்று பதில் போட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் மூடியதெல்லாம் சரியாக இருந்தது. இரண்டாவது மாதம் கடிதங்களின் தொனி மாறியது. படகை விற்ற ஒருவர், நினைத்திருந்தால் ஆட்டத்தை முதலிலிருந்து ஆரம்பித்துப் படகை விற்காமலே போயிருக்கலாம். அப்படிச் செய்ய மனசு வரவில்லை என்றும், பேசாத படகோட்டியோடு அறுபது தடவை ஆற்றைக் கடந்ததாகவும் எழுதியிருந்தார்.

இப்போது வில்லியின் கீழ் ஒரு சின்னப் பிரிவே இருக்கிறது. யாருக்கு என்ன செய்தால், அவர்கள் பிறகு என்ன செய்வார்கள் என்று பார்ப்பது மட்டும்தான் அவர்கள் வேலை. ஆள் எடுக்கும்போது விளையாட்டு தெரியுமா என்றெல்லாம் அவள் கேட்பதில்லை. "கடைசியா யாருக்குத் துரோகம் செஞ்சீங்க? அதுக்கப்புறம் அவங்க என்ன செஞ்சாங்க?" என்றுதான் கேட்பாள். அப்படி எதுவும் செய்ததில்லை என்கிறவர்களுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுவாள்.

போன மாதம் மருந்துக் கடையில் வேலை பார்த்த ஓர் அம்மா வந்திருந்தார். கேள்வியைக் கேட்டதும் அவர் காது மடல் சிவந்தது. கைப்பையின் வாரைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தார்.

"என் தங்கச்சிக்குங்க" என்றார். "அவ ஒண்ணும் செய்யல. வீட்டுக்கு வருவா, சாப்பிடுவா, சிரிப்பா. என் பிள்ளைங்ககிட்ட மட்டும் பேசிட்டுப் போயிருவா."

வில்லி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, அவருடைய விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

"திங்கட்கிழமை ஒன்பதரைக்கு வந்துடுங்க."