பார்சல்காரரை அடித்த நாள்

மந்தாரக்குப்பத்தில் நான் செல்போன் கடை வைத்திருந்தேன். போனஸ் வந்தால் சுரங்க டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்காரர்கள் என் கடைக்குத்தான் வருவார்கள். பிறகு ஆன்லைன் வியாபாரம் வந்தது. வந்தவர்கள் போனைக் கையில் வாங்கி, கேமராவைச் சோதித்துவிட்டு, "யோசிச்சு வர்றேங்க" என்று போனார்கள். மூன்றாம் நாள் அதே போன் அவர்களுக்குப் பார்சலில் வந்தது. நான் மொத்த வியாபாரியிடம் வாங்கும் விலையைவிட அங்கே குறைவு.

அந்தத் தீபாவளி வாரத்தில் ஒரு போன்கூட விற்கவில்லை. ஒரு முற்பகலில், முதுகில் பெரிய பையோடு ஒருவர் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, பார்சலைக் காட்டி வழி கேட்டார். அதிலிருந்த பெயர், முந்தின வாரம் என் கடையில் ஒரு மணி நேரம் போன் பார்த்தவருடையது.

ஷட்டர் இழுக்கும் கம்பி கையில் இருந்தது. முதல் அடி பையில் விழுந்தது. அடுத்தது, முகத்தை மறைக்கத் தூக்கிய கையில். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகும் அடித்தேன். பக்கத்துக் கடைக்காரர் தடுக்கவில்லை. வண்டியை உதைத்துச் சாய்த்தார்.

"எங்க பொழப்புல மண்ணப் போட்டுட்டு எங்கிட்டயே வழி கேக்கறியா?" என்று கத்தினேன்.

"மைன்ஸ்ல காண்ட்ராக்ட் வேல போயிட்டுதுங்க. இதுல சேந்து ஒரு மாசந்தான் ஆவுது. இந்தக் கம்பெனி மொதலாளிய நான் பாத்ததுகூட இல்லீங்க" என்றார் கீழே கிடந்தபடி.

நானும் பார்த்ததில்லை. கம்பியைப் போட்டுவிட்டு, அவரை ஏற்ற ஆட்டோ பிடித்தேன்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போது அழாதவர், போனில் வந்த 'தாமதம்' என்ற செய்தியைப் பார்த்து அழுதார். "இன்னிக்கே குடுக்கலன்னா ஐடிய பிளாக் பண்ணிடுவாங்க. வேல போயிடும்."

பையை நான் தூக்கிக்கொண்டு போனேன். முதல் வீட்டில் கதவைத் திறந்தவர் திகைத்தார்.

"நீங்களும் இதுல சேந்துட்டீங்களா? பெட்டில என்னங்க, ரத்தமா?"

"ஆமாங்க. கையெழுத்துப் போடுங்க."

எல்லாப் பார்சலும் போய்ச் சேர்ந்தன. ஆனாலும் இரண்டே நாளில் அவர் ஐடியை நிறுத்திவிட்டார்கள். கட்டுப் போட்ட கையோடு கடைக்கு வந்தார். இருவரும் சேர்ந்து அந்தக் கம்பெனி நம்பருக்குப் பலமுறை அடித்தோம். பதிவு செய்த குரல்தான் பேசியது.

"போலீஸ்ல எம்மேல எழுதிக் குடுங்க" என்றேன்.

"ஒங்கள இழுத்துகினு வந்து நிறுத்தலாம். வேலய எடுத்தவன எங்கன்னு போய்த் தேடறது?" என்றார்.

புகார் கொடுக்கவில்லை. பொங்கலுக்குள் குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டார். அந்தக் கை முழுதாக மடங்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.