தட்டிக்கு அப்பாலிருந்து வந்த குறட்டை

தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்தில் எங்கள் வீட்டிலேயே நான் ஒரு சிறு பள்ளிக்கூடம் நடத்திவந்தேன். கைக்குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டுப் பாடம் சொல்லித்தருவேன். பிள்ளைகள் வாய்ப்பாட்டை உரக்கக் கத்தினால்தான் பெற்றோருக்குத் திருப்தி.

ஒருநாள், சுரங்கத்தில் யாரோ தூக்கக் கலக்கத்தில் கால் தவறி விழுந்துவிட்டதாகச் சேதி வந்தது. எனக்குப் பகீரென்றது. அடுத்த வீட்டு முனுசாமியும் அதே சுரங்கத்துக்கு இரவு ஷிப்டு போய்ப் பகலில் தூங்குகிறவர். இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்ததோ வெறும் மூங்கில் தட்டி. உடனே பிள்ளைகளை வாய்க்குள்ளேயே படிக்கச் சொன்னேன். வீடு அமைதியானதும் தூளியில் குழந்தை சிணுங்கியது.

சற்றைக்கெல்லாம் முனுசாமி சிவந்த கண்களோடு வாசலில் நின்றார். பள்ளிக்கூடத்தை மூடச் சொல்லப்போகிறார் என்று நடுங்கினேன்.

“இன்னா வாத்தியாரம்மா, பசங்களுக்கு இன்னா ஆச்சு?”

“நீங்க தூங்கணும்னுதான் மெதுவா படிக்கச் சொன்னேன்.”

“நல்லா சொன்னீங்க போங்க! சுரங்கத்துக்குள்ள வேலை சத்தம் திடீர்னு நின்னா எவனுக்கோ அடின்னு அர்த்தம். அதான் இங்க சத்தம் நின்னதும் பதறி எழுந்துட்டேன். கத்தச் சொல்லுங்கம்மா, நான் தூங்கணும்.”

பிள்ளைகள் கூரை அதிரக் கத்தினார்கள். இரண்டாம் வாய்ப்பாடு முடிவதற்குள் தட்டிக்கு அப்பால் குறட்டை கேட்டது. தூளியும் அடங்கிவிட்டது.

எதற்கெடுத்தாலும் கலங்கும் குணம் இன்னும் என்னை விடவில்லை. ஆனால் இப்போதெல்லாம் யாருக்காகக் கலங்குகிறேனோ, அவரிடமே முதலில் கேட்டுவிடுகிறேன்.