பதினேழாம் எண் விடைத்தாள்

சொற்பட்டியலில் முப்பத்தெட்டாவது சொல் வரும்போதெல்லாம் அஃப்ஷான் பக்கத்தைத் திருப்பிவிடுவாள். மூன்று வருடமாக அப்படித்தான். செஞ்சி கடைத்தெருவில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் அவளுடைய ஆங்கில வகுப்பு. எட்டுப் பெஞ்சு, ஒரு வெள்ளைப் பலகை, முப்பது பேர். அந்த நெரிசலில் ஒரு சொல் விட்டுப்போனால் யார் கவனிக்கப்போகிறார்கள்?

மகாலட்சுமி கவனித்துவிட்டாள். சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

"மிஸ், முப்பத்தேழுக்கு அப்புறம் முப்பத்தொம்போதுக்குப் போய்ட்டீங்க. கோயின்சைட் விட்டுப்போச்சி."

இப்போதெல்லாம் வகுப்பில் தமிழில் கேட்கலாம். முன்பு முடியாது. படியேறி உள்ளே வந்தால் ஆங்கிலம் மட்டும்தான் என்று அஃப்ஷான் கறாராக வைத்திருந்தாள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டாள். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை.

மகாலட்சுமி யார் என்று அவளுக்கு முதல் நாளே தெரியும். விண்ணப்பத்தில் ஊர் வல்லத்துக்குப் பக்கம். தாயார் பெயர் மீனம்பாள். மூன்று வருடத்துக்கு முன் இங்கே படித்த வீரமணியின் தங்கை இந்த மகாலட்சுமி. தினமும் வகுப்பு முடியும்வரை மீனம்பாள் கீழே ஜெராக்ஸ் கடை வாசலில் காத்திருந்து மகளைக் கையோடு கூட்டிப்போவாள். ஒரு வாரமாக அஃப்ஷான் அவள் கண்ணில் படாமல் கடைசியாகத்தான் இறங்குகிறாள்.

பலகையில் அந்தச் சொல்லை எழுதினாள்.

"ரெண்டு காரியம், ஒண்ண ஒண்ணு கேக்காம, ஒரே நேரத்துல வந்து நிக்கறது. யாரும் திட்டம் போட்டு வெக்கல. தானா வந்து சேந்துக்குது."

"எங்க அக்கா கல்யாணமும் கரண்ட் கட்டும் மாதிரியா மிஸ்?" என்றான் பின்பெஞ்சு கலியபெருமாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"அதேதான். யார் மேலயும் தப்பு இல்லாதப்போ இந்த வார்த்தைய போடலாம்."

சொல்லிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படியா நடந்தது? மாதிரித் தேர்வுக்கு நாள் குறித்தவள் அவள்தான். மேல்மலையனூர் அம்மன் கோயிலில் அமாவாசை என்றால் டவுன் பஸ்ஸில் பாதி சிறப்புப் பேருந்தாக அங்கே போய்விடும். செஞ்சியில் யாரும் அன்றைக்கு எதுவும் வைக்கமாட்டார்கள். நாள்காட்டியில் திங்கட்கிழமை அமாவாசை என்று போட்டிருந்தது. ஞாயிறு மாலை என்று வைத்தாள். திதி ஞாயிறு மதியமே பிறந்துவிட்டது. அம்மனுக்கு ஊஞ்சல் அன்று ராத்திரி. பிறையைக் கண்ணால் பார்த்து நோன்பு பிடிக்கிற வீட்டில் பிறந்தவள், அன்றைக்கு அச்சடித்த தேதியை நம்பிவிட்டாள்.

அதுகூடப் போகட்டும். தேர்வு தொடங்குமுன் வீரமணி மேசையருகே வந்து நின்றான். "மிஸ்... பஸ்ஸு..." என்று இழுத்தான். அவள் நிமிராமல், "ஆங்கிலத்துல சொல்லு வீரமணி" என்றாள். அவனுக்கு எழுத வரும், பேச வராது. போய் உட்கார்ந்துகொண்டான். முடிந்தபோது ஊருக்கு பஸ் இல்லை. மூட்டை ஏற்றிப்போன குட்டியானை வண்டியின் பின்னால் தொற்றிக்கொண்டு போனவன், வளைவில் விழுந்து அங்கேயே இறந்துபோனான். பத்தொன்பது வயது.

செவ்வாய்க்கிழமை விடைத்தாள் கட்டைப் பிரித்தாள். வரிசை எண் பதினேழு. கடைசிக் கேள்வி, கோயின்சைட் என்ற சொல்லை வைத்து வாக்கியம் அமைக்க வேண்டும். அழகான கையெழுத்தில் எழுதியிருந்தான்: இன்றைக்குத் தேர்வும் அமாவாசையும் சேர்ந்து வந்துவிட்டன, சாயங்காலம் எங்கள் ஊர் பஸ் வராது, நான் சீக்கிரம் போகலாமா மிஸ்.

அன்றிலிருந்து அமாவாசை மாலைகளில் மாடிப்படியில் வார் அறுந்த செருப்புச் சத்தம் கேட்கிறது. மூன்றாவது படியில் நின்றுவிடும். வீரமணி செருப்பைக் கழற்றிவிடும் படி அது. எட்டிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

வகுப்பு முடிந்தது. அஃப்ஷான் அலமாரியைத் திறந்து அந்தத் தாளை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"இன்னா டீச்சர், ஒரு வாரமா பாக்கவே முடியல. பெரிய ஆளாயிட்டீங்க" என்றாள் மீனம்பாள். "எம்புள்ள உங்களப் பத்தியே பேசிக்கினு இருப்பான். அதான் இவளையும் இங்கியே சேத்தேன்."

அஃப்ஷான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். நாள் குறித்தது, அவன் வந்து நின்றது, தான் சொன்னது. மகாலட்சுமி தாளை வாங்கிக் கடைசி வரியைத் தமிழில் அம்மாவுக்குப் படித்தாள். ஜெராக்ஸ் இயந்திரம் அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"கேட்டானா?" என்றாள் மீனம்பாள். "கேட்டுட்டானா அவன்?"

"கேட்டான்கா. நான்தான் கேக்கல."

மீனம்பாள் கடை வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னிக்கி அவன் வந்த பஸ்ஸுலதான் டீச்சர் நானும் வந்தேன். அவன் எறங்கினதும் போர்டு மாத்தி மலையனூருன்னு போட்டுட்டாங்க. நான் எறங்கல, அவனுக்கு வேண்டிக்கப் போனேன். திரும்ப எப்டிமா வர்றதுன்னு ஜன்னலாண்ட வந்து கேட்டான். மிஸ்கிட்ட சொல்லிட்டு சீக்கிரம் கெளம்புடான்னேன். மூணு வருஷமா அவனத்தான் திட்டிக்கினு இருக்கேன். வாயில்லாத பையன், ஒரு வார்த்த கேக்காம வுட்டுட்டானேன்னு."

அஃப்ஷான் அவள் பக்கத்தில் உட்காரப் போனாள். மீனம்பாள் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை.

மகள் கையிலிருந்த தாளைப் பார்த்தபடியே கேட்டாள். "எத்தினி மார்க்கு?"

"போடல."

"போடுங்க."

கடைக்காரரிடம் சிவப்புப் பேனா இருந்தது. அஃப்ஷான் நின்றுகொண்டே முதல் கேள்வியிலிருந்து திருத்தினாள். கடைசி வாக்கியத்துக்கு முழு மதிப்பெண். ஐம்பதுக்கு நாற்பத்தொன்று.

மீனம்பாள் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தாள். "வண்டி வந்துடும். வா மகா." மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, நாளைக்கு அனுப்பமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அறையைப் பூட்ட அஃப்ஷான் மேலே போனாள். அமாவாசைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. மூன்றாவது படி வந்ததும், வீரமணி செருப்பை விடுகிற இடத்தை மிதிக்காமல், ஓரமாகக் கால் வைத்து ஏறினாள்.