காசியம்மாள் வீட்டு மாடிக் கம்பிகள்

பக்கத்து வீட்டுக் காசியம்மாளைக் கல்நெஞ்சுக்காரி என்பார்கள் எங்கள் தெருவில். சொல்கிறவர்கள் வாயில் மண் விழ. அவள் புருஷன் கட்டட வேலைக்குப் போய்ச் சாரத்திலிருந்து விழுந்து செத்தபோது, அவள் நாலு பேர் எதிரில் அழவில்லை. அதுதான் குற்றம். மேஸ்திரி கொண்டுவந்து கொடுத்த நஷ்டஈட்டுப் பணத்தில் கூரையைப் பிரித்துத் தளம் போட்டாள். பின்னால் மாடி எடுக்கலாமென்று கொத்தனார் தூணுக்குத் தூண் கம்பியை மேலே நீட்டி விட்டுப் போனார். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் இப்படித்தான். கம்பி துருப்பிடிக்கும், மாடி வராது. மாமல்லபுரத்து ஓட்டல் ஒன்றில் பாத்திரம் துலக்கியே மகன் பெஞ்சமினை ஐ.டி.ஐ. வரை படிக்க வைத்தாள்.

அவன் சதுரங்கப்பட்டினம் ரோட்டில் காலையில் ஓடிப் பழகி, பட்டாளத்துக்கு நாலு வருஷத்துக்கு ஆள் எடுக்கும் அக்னிவீர் தேர்வில் தேறிவிட்டான். அதே வாரம் மறைமலைநகர்க் கம்பெனி ஒன்றும் கான்ட்ராக்ட் வேலைக்குக் கூப்பிட்டது. எதில் சேர்வது? காசியம்மாளின் தம்பி ஏசுபாதம் கணக்குப் பார்க்க வந்துவிட்டான். கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறவன். என்னையும் கூப்பிட்டார்கள். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன்.

ஏசுபாதம் செல்போனைத் தட்டினான். "கம்பெனில பதினெட்டாயிரம். மத்தியானம் சோறு, வர போக பஸ்சு. எப்ப வோணா தூக்கிடுவான். மிலிட்டரில முப்பது. அதுல கொஞ்சம் புடிச்சிகினு, கவர்மெண்டும் அதே அளவு போட்டு, நாலு வருசம் முடிஞ்சா மொத்தமா குடுப்பான். சோறு, துணி, வைத்தியம் எல்லாம் அவனுது."

"பென்சனு?" என்றேன்.

"கெடையாது, வசந்தாக்கா. நாலு பேர்ல ஒருத்தனத்தான் வச்சிப்பான்."

"மிச்ச மூணு பேரு?"

"வந்து என்ன மாதிரி வேன் ஓட்டட்டும். எனக்கு இன்னா கொறச்சல்?"

என்ன குறைச்சல் என்று எனக்குத் தெரியும். அவன் பெண்டாட்டி என்னிடம்தான் வந்து புலம்புவாள். வந்த இடத்தில் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

காசியம்மாள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். "ஏதாவது ஆயிட்டா?" என்றாள், தலையைத் தூக்காமல்.

ஏசுபாதம் அதற்கும் தயாராக இருந்தான். கம்பெனியில் என்றால் கான்ட்ராக்ட்காரன் மனசு வைத்தால் உண்டு. மிலிட்டரியில் இவ்வளவு என்று லட்சக்கணக்கில் ஒரு தொகை சொன்னான். சொல்லும்போதே அவன் கண் மேலே போய்விட்டது. "ஒன் பேர்லதான் வரும்கா. மாடி எடுத்து, கீழ வாடகைக்கு வுட்டாலும் மிச்சம் நிக்கும்."

பாவி, கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டே வந்தவன் அதையும் கூட்டிவிட்டான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. பெஞ்சமின் தரையைப் பார்த்தான். காசியம்மாள் மீனை அலசி, மஞ்சள் தடவி மூடி வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு மகன் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ இன்னாடா சொல்ற?"

"போணும்மா. ரெண்டு வருசமா அதுக்குத்தான ஓடிகினு கீறேன்."

"சரி, போய்ட்டு வா. ஆனா போறதுக்கு முன்ன மேல கீற கம்பிய அறுத்துட்டுப் போ."

"எதுக்குக்கா? நல்ல கம்பி" என்றான் ஏசுபாதம்.

"இவங்கப்பன் காசுல ஒரு தளம் போட்டாச்சு. மேல இன்னொண்ணு எனக்கு வேணாம்."

ஏசுபாதம் செல்போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். சாயங்காலம் அவனே போய்க் கட்டிங் மிஷின் வாடகைக்கு எடுத்து வந்தான். பெஞ்சமின் அறுத்தான், மாமன்காரன் கம்பியைப் பிடித்துக்கொண்டான். காசியம்மாளும் நானும் தெருவில் நின்று பார்த்தோம். கடைசிக் கம்பி கீழே விழுந்ததும், கல்நெஞ்சுக்காரி என் தோளைப் பிடித்துக்கொண்டு, தெருவே பார்க்க அழுதாள்.