இரண்டு மீராக்களும் நஸீராவும்

கற்பிட்டிக்குப் போகும் பஸ்ஸில்தான் எனக்குச் செய்தி கிடைத்தது. பாலாவிச் சந்தியில் ஏறியதும், ஒரு காலத்தில் என்னிடம் படித்த ஒருவன் எழுந்து இடம் தந்தான். இப்போது அவனுக்கே தலை நரைத்துவிட்டது. “டீச்சர், உங்கட கூட்டாளி நஸீரா டீச்சர் மௌத்தாகிட்டாங்களாம். பள்ளியில அறிவிச்சாங்க” என்றான். மரணச் செய்தி கேட்டால் சொல்லும் இன்னாலில்லாஹியை நான் சொல்லி முடிப்பதற்குள் அவனே தொடர்ந்தான்: “எங்களுக்குச் சரித்திரத்தில விருப்பம் வந்ததே அவங்களாலதானே.”

அவனுக்கு மூன்று வருடம் சரித்திரம் படிப்பித்தவள் நான். நஸீரா படிப்பித்தது, நான் பிரசவ விடுமுறையில் இருந்த ஒரேயொரு தவணை.

ஜன்னலுக்கு வெளியே களப்பின் தண்ணீர் பளபளத்தது. அழுகை வந்தது. ஆனால் அதற்கு முன் எரிச்சல் வந்தது. அவளை அறிந்தவர்களுக்கு எழுதும்போது இந்த வரிசையை மாற்றிச் சொல்ல எனக்கு மனமில்லை. நினைவஞ்சலியில் ‘அவர்’ என்று எழுதுவதுதான் மரியாதை. அதுவும் எனக்கு வரவில்லை. என்னைவிட இளையவள், அக்காவை அழைப்பதுபோல் என்னைத் ‘தாத்தா’ என்றே கடைசிவரை அழைத்தவள்.

எங்கள் பாடசாலையில் சரித்திரத்துக்கு நாங்கள் இருவர். அடுத்தடுத்த வகுப்பறைகள், நடுவில் ஒரு பலகைத் தட்டி. என் பக்கம் பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருக்க, அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்புக் கேட்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல் தட்டி ஓரம் போய் நின்று பார்த்தேன். பராக்கிரமபாகு என்ற பெயரில் எத்தனையோ அரசர்கள். பிள்ளைகள் ஒருவன் செய்ததை இன்னொருவன் தலையில் கட்டிவிடுவார்கள். என் வகுப்பிலும் அதே தொல்லைதான். நஸீரா தன் வகுப்பில் இருந்த மூன்று றிஸ்வான்களை எழுப்பி முன்னால் நிறுத்தியிருந்தாள்.

“இந்த றிஸ்வான் கண்ணாடிய ஒடச்சா, அந்த றிஸ்வானுக்கு அடிக்கலாமா?”

“ஏலாது டீச்சர்!” என்று மூன்று றிஸ்வான்களும்தான் முதலில் கத்தினார்கள்.

“அப்ப பேரப் பாக்காதீங்க. அவர் நிண்ட எடத்தப் பாருங்க. எந்த ஊர்ல நிண்டார், யாரோட நிண்டார் எண்டு பாருங்க.”

அந்த வருடம் அவளுடைய பிள்ளைகள் ஒருவரும் சோதனையில் பராக்கிரமபாகு பற்றிய கேள்வியில் பிழைவிடவில்லை. என்னுடைய பிள்ளைகளைப் பற்றி எழுதத் தேவையில்லை. என் வகுப்பில் ஒரு றிஸ்வான்கூட இல்லையே என்று அன்று நான் உண்மையாகவே வருத்தப்பட்டேன்.

ஓய்வுபெற்ற பிறகாவது அவளை முந்தலாம் என்று எண்ணியிருந்தேன். அதற்கு எனக்கொரு மீரா இருந்தார். நம் கரையில் மீரா நகுதாவைத் தெரியாதவர் இல்லை. நகுதா என்றால் கப்பல் தலைவர். புயலில் உடைந்த தோணியிலிருந்து ஆட்களைக் கரைசேர்த்தவர் என்று ஓர் ஊர் அவரை அடக்கிய கப்றைக் காட்டும். அடுத்த ஊரோ, உப்புத் தண்ணீரைத் தவிர வேறில்லாத மணலில் நல்ல தண்ணீர்க் கிணறு வெட்டிய மீரா அவர்தான் என்று சொல்லி, கிணற்றடியில் இன்னொரு கப்றைக் காட்டும். இரண்டு ஊர்களின் பெயரையும் நான் எழுதவில்லை, நமக்குத் தெரியும். கடலை விட்டு வந்து கிணறு வெட்டிய ஒரே மனிதர் என்றும், கிணற்றடிக் கப்றே உண்மையானது என்றும் நான் பத்திரிகைகளில் கட்டுரை எழுதினேன். மற்ற ஊரார் அதற்குப் பிறகு என்னோடு முகம்கொடுத்துப் பேசவில்லை.

கிணற்றடி ஊரார் தங்கள் வீதிக்கு மீரா நகுதாவின் பெயரை வைக்கப் போவதாக அறிவித்ததும் சண்டை முற்றியது. இறங்குதுறையில் இளைஞர்கள் கைகலந்தார்கள். கிணற்றடி ஊரில் இருந்த நஸீராவின் சகோதரி மகளுக்கும் மற்ற ஊர்ப் பையனுக்கும் பேசி முடித்திருந்த கலியாணம் நின்றுபோனது. அந்தப் பிள்ளை சாப்பிடாமல் கிடப்பதாக நஸீரா என்னிடம் சொன்னாள். என் கட்டுரைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன்.

கடைசியில் இரண்டு ஊர்ப் பெரியவர்களும் ஒருநாள் பிற்பகல் அசர் தொழுகைக்குப் பின் கிணற்றடியில் கூடினார்கள். எங்கள் இருவரையும் அழைத்திருந்தார்கள். மூத்தவள் என்று என்னை முதலில் பேசச் சொன்னார்கள். நான் நீளமாகப் பேசினேன், நன்றாகவே பேசினேன். நஸீரா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. கப்றைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முழங்காலிட்டு, தலைமாட்டுக் கல்லுக்கும் கால்மாட்டுக் கல்லுக்கும் நடுவில் சற்று மேடாக இருந்த மணலைக் கையால் ஒதுக்கத் தொடங்கினாள்.

என் பேச்சு தானாக நின்றது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். மணலுக்குள் இருந்து ஒரு கல்லின் தலை தெரிந்தது. செதுக்கிய கல். மற்ற இரண்டின் அதே வேலைப்பாடு.

நம் பக்கத்தில் ஆணின் கப்றுக்கு இரண்டு மீசான் கற்கள் நடுவார்கள். பெண்ணுக்கு மூன்று. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

கிணற்றடி ஊர்ப் பெரியவர் குனிந்து பார்த்தார். “இது பொம்புளைட கப்றா, டீச்சர்?”

“ஓம் நானா,” என்றாள் நஸீரா, அண்ணனிடம் சொல்வதுபோல். “கேளுங்க. நகுதா அவங்கட ஊர்லதான் இரிக்கிறார். உங்களுக்குத் தண்ணி தந்த மீரா ஒரு பொம்புள. பேர் ஒண்டு, ஆள் ரெண்டு. இதுக்குப் போய் அடிபடுறீங்களே.”

தண்ணீர் அள்ள வந்து ஓரமாக நின்ற பெண்களில் ஒருத்தி, “நான் நெனச்சன்” என்றாள். அவள் எதை நினைத்தாள் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்போடு சண்டையின் சூடு இறங்கியது. நோன்புப் பெருநாள் முடிந்ததும் கலியாணம் நடந்தது. இன்று ஓர் ஊரில் மீரா நகுதா வீதி இருக்கிறது. மற்ற ஊரில் மீரா உம்மா வீதி.

அந்தக் கப்றடியில் நான் எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன். திரும்பி நடக்கும்போது, “எப்ப கண்ட?” என்று கேட்டேன்.

“நீங்க கதைக்கக்குள்ளதான் தாத்தா. நல்லா நேரமெடுத்துக் கதைச்சீங்க. பாக்க எனக்கு நேரம் கெடச்சிச்சு.”

“எனக்கு ஏன் தெரியல்ல?”

“ஆம்புளைட கப்று எண்டு நெனச்சிட்டே வந்தா ரெண்டு கல்லுதான் தெரியும்.”

குத்திக்காட்டச் சொன்னதில்லை. அவளுக்கு அது வராது. அதுவும் சேர்ந்துதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நெஞ்சு நோயில் அவள் படுத்தபின் எத்தாளையில் இருக்கும் என் வீட்டிலிருந்து அடிக்கடி போய்வந்தேன். கடைசியாகப் போனபோது கதிரையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போடச் சொன்னாள். மூச்சு வாங்கியது.

“நான் போனா நீங்கதான் எழுதுவீங்க. நல்லவ, வல்லவ எண்டு எழுதிப் போடாதீங்க. என்னில எரிச்சல் எண்டதையும் எழுதுங்க.”

“யார் சொன்னா உனக்கு?”

“தட்டிக்கு அங்கால நிண்டு எத்தன நாள் கேட்டீங்க? உங்கட செருப்பு எனக்குத் தெரியும்தானே. நீங்க நிண்டா நான் இன்னும் நல்லாப் படிப்பிப்பன்.” இருமி முடித்துவிட்டு, “அன்பு வெச்ச ஆக்கள் என்னய இவ்வளவு கவனமாப் பாக்கல்ல தாத்தா” என்றாள்.

அவளுடைய போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தேன்.

ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துப்போன பிறகு வீட்டில் பெண்கள் கூடியிருந்தோம். கலியாணம் நின்றுபோன அந்தப் பிள்ளை இப்போது இடுப்பில் குழந்தையோடு நின்றாள். புதிதாக வந்த இளம் ஆசிரியை ஒருத்தி என்னிடம் வந்து, “மீரா உம்மாட கப்ற நீங்க ரெண்டு பேரும் சேர்ந்துதானே கண்டுபிடிச்சீங்க, டீச்சர்?” என்று கேட்டாள். கூடம் முழுவதும் என்னைப் பார்த்தது. ‘ஓம்’ என்று ஒரு சொல் போதும். மறுக்க ஆளில்லை. உயிரோடு இருந்தாலும் நஸீரா மறுத்திருக்கமாட்டாள்.

“இல்ல மகள்” என்றேன். “நான் பிழையா எழுதின ஆள். கண்டது அவ. தனியக் கண்டது.”

சொல்லும்போது நெஞ்சு எரிந்தது. பெண்கள் எல்லோரும் ஒன்றாக அவளுக்காகக் கையேந்தித் துஆக் கேட்டபோது இன்னும் எரிந்தது. அவளிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது இந்த எரிச்சலைத்தான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.