புடலங்காய்க்குக் கல் கட்டுகிறவர்

பல்லுக்கிடையில் நூலைக் கவ்விக்கொண்டு அழகர் பந்தலுக்குக் கீழே குனிந்து நிற்கிறார். விரல் நீளப் புடலம் பிஞ்சு ஒன்று சுருளப் பார்க்கிறது. நுனியில் பாரம் கட்டினால்தான் காய் நேராக இறங்கும். "விட்டா வளைஞ்சிரும். மனுசனும் அப்படித்தான்" என்பார். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வார்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் இந்த வளவு எண்பத்து மூன்று கலவரத்தில் எரிந்த வீட்டினுடையது. சொந்தக்காரர் கனடாவில். கரிச்சுவரும் குப்பையுமாய்க் கிடந்த இடத்தில் இன்றைக்கு முக்குணுவென்னைக் கீரை, வெண்டி, கத்தரி, நடுவில் இந்தப் பந்தல். ஒழுங்கையில் உள்ள எல்லா வீட்டுச் சட்டிக்கும் இங்கிருந்துதான் கறி போகிறது. முன்பு முகம் கொடுத்துக் கதைக்காத சனம், இப்போது ஒரே வாளியால் தண்ணீர் ஊற்றுகிறது. ஒரு வீட்டு ஆள் பொழுதுபட்டும் திரும்பாவிட்டால், பாத்திக்கரையில் நிற்பவர்களுக்குத்தான் முதலில் தெரியும். ஆட்களைத் தூக்கிக்கொண்டு போகும் வெள்ளை வான் ஓடும் இந்த 2007இல் அது சின்ன விஷயமல்ல.

"எல்லாம் நாந்தான் போட்டேன்" என்பது அழகரின் பேச்சு. பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மாற்றுடுப்பு இல்லாமல் இறங்கி, புறக்கோட்டையில் மூட்டை சுமந்து, கடைசியில் டோர்ச், ரேடியோ திருத்தும் கடை வைத்த மனிதர். பெயரெழுத மட்டும் தெரியும். தன் கையால் தலையெடுத்தவன் தன்னைப் பற்றிச் சொல்லாமல் வேறு யார் சொல்வது? ஆனால் எதிர்வீட்டுப் பேர்ணடெற் விடமாட்டாள். "வெண்டி என்ட. கொத்தினது நான். அழகர் அண்ணன் நின்டு பார்த்தது மட்டுந்தான்."

கல் நழுவுகிறது என்று போன வருஷம் அழகர் ஒரு புதுவழி கண்டார். கடையில் செத்த டோர்ச் பற்றரிகள் குவிந்து கிடந்தன. எல்லாம் ஒரே பாரம். அவற்றை ரேடியோச் செம்புக்கம்பியால் சுற்றி, காய்க்கொன்றாய்த் தொங்கவிட்டார். காய்கள் நூல் பிடித்தாற்போல் இறங்கின. வெள்ளவத்தையிலிருந்துகூட ஆட்கள் வந்து பார்த்தார்கள் என்பது அவர் சொல்லும் கதை.

பற்றரியும் கம்பியும் சேர்ந்தால் இந்தக் காலத்தில் அதற்கு என்ன பெயர் என்று அந்தப் பெருமையில் அவருக்குத் தோன்றவே இல்லை.

ஒரு காலை, எதிரே உள்ள மாடிக் கட்டடத்தின் உச்சியில் மணல்மூட்டை அடுக்கிய காவலரண் முளைத்திருந்தது. பூசைக்குப் போய் வந்த பேர்ணடெற், மேலே நின்ற ஆமிக்காரன் தொலைநோக்கியைப் பந்தலை விட்டு எடுக்கவில்லை என்றாள். பக்கத்து ஒழுங்கையில் ஒரு கிளார்க்கின் அறையில் இரண்டு பற்றரியும் ஒரு மணிக்கூடும் இருந்ததற்கே அவரைக் கொண்டுபோயிருந்தார்கள். அவர் திரும்பவில்லை.

அழகரின் வாயிலிருந்த நூல் கீழே விழுந்தது. இப்போது கழற்றினால் ஒளிக்கிறான் என்பார்கள். கழற்றாவிட்டால் வந்து பிடிப்பார்கள். கிளிநொச்சியிலிருந்து வந்து வாடகைக்கு இருக்கும் இரத்தினம்மா கத்தரிப் பாத்தியிலிருந்து மெல்லச் சொன்னாள்: "உதிலை நிண்டு யோசிக்காதேங்கோ அண்ணை. அவங்கள் இறங்கி வரமுதல் நாங்களே போய்ச் சொல்லுவம்."

பற்றரி தொங்கத் தொங்க ஒரு காயை அறுத்து, பிள்ளையை ஏந்துவதுபோல் இரு கையிலும் ஏந்திக்கொண்டு அழகர் தெருவைக் கடந்தார். பெண்கள் பின்னால் போனார்கள். படியிறங்கி வந்த சார்ஜன்ட் கம்பியைப் பிரித்தான், பற்றரியை முகர்ந்தான், தோட்டம் யாருடையது என்று சிங்களத்தில் கேட்டான்.

என்னுடையது, நான் மட்டும்தான், இந்தப் பொம்பிளைகளுக்கு ஒன்றும் தெரியாது என்றார் அழகர், புறக்கோட்டையில் பழகிய சிங்களத்தில். ஆயிரம் தடவை நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன சொல், அன்றைக்கு முணுமுணுப்பாய் வந்தது.

"பொய் சேர்" என்று பேர்ணடெற் குறுக்கே விழுந்தாள். அவளும் சிங்களத்தில்தான் பேசினாள். "இவர் எப்பவும் இப்படித்தான் சொல்வார். வெண்டி என்ட. புடலங்காயிலயும் பாதி என்ட."

அழகர் கண்ணால் அதட்டினார். அவள் வாயை மூடவில்லை. சார்ஜன்ட் இருவரின் அடையாள அட்டை இலக்கங்களையும் எழுதிக்கொண்டான். பற்றரி அத்தனையும் மத்தியானத்துக்குள் இங்கே வரவேண்டும், இனிக் கல்லைக் கட்டு என்றான்.

பற்றரிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. எழுதிய இலக்கங்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. ஒழுங்கை முனையில் ஒரு வான் வேகம் குறைத்தாலும் பாத்திகளில் பேச்சு நின்றுவிடுகிறது. அழகரும் பேர்ணடெற்றும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். வான் போனபின் வெண்டி யாருடையது என்ற சண்டை விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

இதோ, பிஞ்சுக்கு ஏற்ற கல் ஒன்றைத் தேர்ந்துவிட்டார். கட்டவில்லை. பந்தலை விட்டு வெளியே வந்து, எதிர் மாடியைப் பார்த்து, இரண்டு விரலால் கல்லைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுகிறார். மேலே இரும்புத்தொப்பி அசைந்த பிறகுதான் கட்டுவது அவர் வழக்கம். இன்றைக்கு அங்கே நிற்பவன் புதியவன். அவன் தொப்பி இன்னும் அசையவில்லை. அழகர் கல்லை இறக்கவில்லை.